‘பட்டன்... பட்டன்... பட்டன்...’: உங்கள் வெப்சைட்டை என்றாவது காதால் கேட்டிருக்கிறீர்களா?

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். ஈரோட்டில் உள்ள ஒரு துணிக்கடையின் வெப்சைட்டில் அம்மாவுக்கு ஒரு காட்டன் புடவை எடுக்க நினைக்கிறார் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வேலை, கையில் சம்பளம், போனில் யுபிஐ, எல்லாம் இருக்கிறது. பார்வை மட்டும் இல்லை.

அவருடைய போனில் ஸ்கிரீன் ரீடர் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் இருப்பதைக் குரலாக வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. கடையின் பக்கத்தைத் திறக்கிறார். காதில் விழுவது இதுதான்:

“பேனர் ஃபைனல் டூ, இமேஜ். ஐஎம்ஜி நான்கு பூஜ்யம் ஏழு இரண்டு, லிங்க். ஐஎம்ஜி நான்கு பூஜ்யம் ஏழு மூன்று, லிங்க். பட்டன். பட்டன். பட்டன்.”

எது புடவை, எது சட்டை? என்ன நிறம், என்ன விலை? ஒன்றும் தெரியவில்லை. தடவித் தடவி எப்படியோ ஒரு புடவையைக் கண்டுபிடித்து, கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை வந்துவிடுகிறார். அங்கே ஒரு படம். அதில் கோணல்மாணலாகச் சில எழுத்துகள். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்கிறது தளம். காதால் கேட்டு நிரூபிக்க வழியே இல்லை.

இனி என்ன செய்வது? பக்கத்து அறைத் தோழியைக் கூப்பிட வேண்டும். போனை அவர் கையில் கொடுத்து, கார்டு எண்ணைச் சொல்லி, வருகிற ஓடிபியையும் அவரையே படிக்கச் சொல்ல வேண்டும். பணம் இவருடையதுதான். ஆனால், ரகசிய எண்ணை இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் அதைச் செலவழிக்க முடியும்.

இது ஒரு கற்பனைக் காட்சி. ஆனால், இதில் வரும் ஒவ்வொரு தடையும் நிஜம். தினமும் எத்தனையோ தளங்களில் நடப்பது. இந்தத் தடைகளை நீக்குவதைத்தான் ‘டிஜிட்டல் அணுகல்தன்மை’ என்கிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, வேலையில் பெரும்பகுதி சின்னச் சின்னத் திருத்தங்கள்தான்.

ஸ்கிரீன் ரீடர் எப்படி வேலை செய்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி வெப்சைட் எதுவும் தேவையில்லை. எல்லோரும் பார்க்கும் அதே தளத்தைத்தான் அவர்களும் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்குப் பதிலாகக் காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆண்ட்ராய்டு போன்களில் ‘டாக்பேக்’, ஐபோனில் ‘வாய்ஸ்ஓவர்’ என்று ஸ்கிரீன் ரீடர் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ‘ஜாஸ்’, ‘என்விடிஏ’ ஆகிய இரண்டும் பிரபலம். இதில் என்விடிஏ முழுக்க இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்ற புரோகிராமரான மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய முயற்சி அது. ஸ்கிரீன் ரீடருக்குப் பெரும் தொகை கொடுக்க வேண்டியிருந்த காலத்தில், பணம் இல்லாதவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று எழுதப்பட்ட மென்பொருள்.

ஸ்கிரீன் ரீடர் உங்கள் தளத்தின் அழகைப் பார்ப்பதில்லை. அதன் அடியில் இருக்கும் கோடை வாசிக்கிறது. ‘இது தலைப்பு’, ‘இது பட்டன், இதன் பெயர் கூடையில் சேர்’, ‘இது பெயர் எழுத வேண்டிய கட்டம்’ என்று கோடில் எழுதியிருந்தால் அப்படியே சொல்லும். எழுதவில்லை என்றால்? ‘பட்டன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பாவம், அது என்ன செய்யும்? உள்ளே இருப்பதைத்தானே வாசிக்க முடியும்!

கண்ணால் பார்ப்பவருக்கு ஒரு கூடைப் படத்தைப் பார்த்ததும் அது ‘கார்ட்’ என்று புரிந்துவிடும். அந்தக் கூடைக்குக் கோடில் ஒரு பெயர் வைக்காமல் விட்டால், காதால் கேட்பவருக்கு அங்கே கூடையே இல்லை.

‘நம்ம சைட்டுக்கு யாருங்க வரப்போறாங்க?’

அணுகல்தன்மை பற்றிப் பேச்செடுத்தால் பல நிறுவனங்களில் முதலில் வரும் கேள்வி இது. பதில், எண்ணிக்கையிலேயே இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். இது நடந்து 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதோடு, அந்தக் கணக்கெடுப்பில் 8 வகைக் குறைபாடுகள்தான் கேட்கப்பட்டன. 2016-ல் வந்த சட்டம் 21 வகைகளை அங்கீகரிக்கிறது. உலக அளவில் 130 கோடிப் பேருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, குறிப்பிடத்தக்க அளவில் ஏதோ ஒரு குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பார்வையற்றவர்கள் மட்டும்தான் இதில் அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.

• காது கேளாதவருக்கு, சப்டைட்டில் இல்லாத விளம்பர வீடியோ வெறும் வாயசைப்பு. ‘கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுங்க’ என்பது மூடிய கதவு.

• கை நடுக்கம் உள்ளவரால், கை செயலிழந்தவரால் மவுஸைப் பிடிக்க முடியாது. கீபோர்டு மட்டும்தான் துணை. சிலர் வாயில் பிடித்த குச்சியாலோ, ஒரே ஒரு சுவிட்ச்சாலோ கம்ப்யூட்டரை இயக்குகிறார்கள்.

• சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாதவருக்கு, ‘பச்சை என்றால் ஸ்டாக் இருக்கு, சிவப்பு என்றால் இல்லை’ என்று காட்டினால் இரண்டும் ஒன்றுதான்.

• டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு, நெருக்கியடித்த நீளப் பத்திகளும் ஓடிக்கொண்டே இருக்கும் பேனர்களும் பெரும் தலைவலி.

இன்னொன்றும் உண்டு. 60 வயது தாண்டிய உங்கள் அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனைத் தள்ளிப் பிடித்து, ‘இதுல எங்கடா அமுக்கணும்?’ என்று கேட்கிறார் அல்லவா? அவருக்கும் அதே பிரச்னைதான். உச்சி வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று போன் பார்ப்பவருக்கும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஆர்டர் போடுபவருக்கும், ரயிலில் சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோ பார்ப்பவருக்கும் இந்தத் திருத்தங்கள் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘செய்தால் நல்லது’ என்ற கட்டத்தை இந்தியா தாண்டிவிட்டது.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 46-வது பிரிவு, அரசோ தனியாரோ, சேவை வழங்குபவர் யாராக இருந்தாலும் மத்திய அரசின் அணுகல்தன்மை விதிகளின்படி சேவை தர வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த முறை 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் ரூபாய் வரை.

இது தனியாருக்கும் பொருந்துமா என்ற சந்தேகத்துக்கு ஒரு வழக்கு பதில் சொன்னது. மருத்துவர் அப்பாயின்ட்மென்ட் வாங்க உதவும் பிராக்டோ செயலியை ஸ்கிரீன் ரீடர் மூலம் சரியாகப் பயன்படுத்த முடியவில்லை என்று பார்வையற்ற வழக்கறிஞர் ராகுல் பஜாஜ் புகார் செய்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் 2022-ல் அளித்த உத்தரவு, செயலியை அணுகத்தக்கதாக மாற்றச் சொன்னது.

அடுத்து உச்ச நீதிமன்றம். 2024 நவம்பர் 8-ம் தேதி, ராஜீவ் ரதூரி வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக எழுதப்பட்டிருக்கின்றன, கட்டாயம் என்று சட்டம் சொல்வதை விதி தளர்த்த முடியாது என்று கூறி, அந்த விதியை நீதிமன்றம் செல்லாததாக்கியது.

அதற்குப் பின் வந்தது, போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு. அமில வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், 2023-ல் ஒரு வங்கியில் கணக்கு தொடங்கப் போனார். ஆன்லைன் கேஒய்சி முறையில் கேமரா முன் கண் சிமிட்டிக் காட்ட வேண்டும். உயிருள்ள ஆள்தான் என்பதற்கு அதுதான் சாட்சி! அவரால் சிமிட்ட முடியவில்லை. கணக்கு தொடங்க முடியாமல் நின்றது. இவருடைய மனுவோடு, பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினின் மனுவும் சேர்ந்து விசாரிக்கப்பட்டது.

2025 ஏப்ரல் 30-ம் தேதி, நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி மகாதேவன். அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமையும் அடக்கம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கேஒய்சி முறையை எல்லோருக்கும் ஏற்றதாக மாற்ற 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. அதே ஆண்டு ஜூலை 31-ம் தேதி, தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களின் டிஜிட்டல் தளங்கள் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று செபியும் சுற்றறிக்கை அனுப்பியது.

வெளிநாட்டு கிளையன்ட்டுகளுக்கு சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து கோடு எழுதுபவர்களுக்கு இன்னொரு தேதியும் முக்கியம்: 2025 ஜூன் 28. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஆன்லைன் விற்பனை, வங்கிச் சேவை போன்றவை அதில் அடக்கம். அமெரிக்காவில், ஸ்கிரீன் ரீடர் வைத்து பீட்சா ஆர்டர் செய்ய முடியவில்லை என்று பார்வையற்றவர் ஒருவர் டொமினோஸ் மீது போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிறுவனத்தின் மேல்முறையீட்டை 2019 அக்டோபரில் அந்த நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை.

எங்கே சிக்குகிறது? ஆறு இடங்கள்

சரி, என்னதான் செய்ய வேண்டும்? இதற்கு உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட ஒரு கையேடு இருக்கிறது. பெயர், டபிள்யூ.சி.ஏ.ஜி. இணையத் தர நிர்ணயங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடுவது. இப்போதைய பதிப்பு 2.2, 2023 அக்டோபரில் வந்தது. ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று நிலைகள். பொதுவாக நிறுவனங்கள் எட்ட வேண்டிய இலக்கு, ஏஏ.

கையேடு பெரியதுதான். ஆனால், அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் அமைப்பு, ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025-ல் அவற்றில் 94.8 சதவீதப் பக்கங்களில் பிழை இருந்தது. ஆறுதலான செய்தி என்னவென்றால், கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளில் 96 சதவீதம் வெறும் ஆறே வகைக்குள் அடங்கிவிட்டன. நம் ஈரோட்டுக் கடையை வைத்தே அந்த ஆறையும் பார்த்துவிடலாம்.

1. மங்கலான எழுத்து: வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து பார்க்க ‘கிளாஸா’ இருக்கலாம். படிக்கத்தான் முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3:1 போதும். இதைக் கணக்கிட இலவசக் கருவிகள் இருக்கின்றன. சோதிக்கப்பட்ட பக்கங்களில் 79.1 சதவீதத்தில் இந்தப் பிழைதான்.

2. படத்துக்கு விவரம் இல்லாதது: ஒவ்வொரு படத்துக்கும் கோடில் ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ என்ற சிறு விவரம் எழுதலாம். திரையில் தெரியாது, ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும். ‘புடவை’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘மாம்பழ மஞ்சள் காட்டன் புடவை, அரக்கு பார்டர், முந்தியில் மயில் டிசைன்’ என்று எழுதுங்கள். கடையில் விற்பனையாளர் எடுத்துப் போட்டுச் சொல்வாரே, அதே மாதிரி. வெறும் அலங்காரப் படம் என்றால் விவரத்தைக் காலியாக விட்டுவிடலாம். ஸ்கிரீன் ரீடர் தாண்டிப் போய்விடும்.

3. படிவத்தில் பெயரில்லாத கட்டங்கள்: ‘பின்கோடு’ என்ற சொல் கட்டத்துக்கு அருகில் இருந்தால் மட்டும் போதாது. கோடில் இரண்டையும் இணைக்க வேண்டும். கட்டத்துக்குள்ளேயே மங்கலாக எழுதி வைத்தால், டைப் செய்ய ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும். மறதி உள்ளவர்களுக்கு அதுவும் சிக்கல்.

4. வெறும் லிங்க்: வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஐகான்களுக்கு லிங்க் இருக்கும், பெயர் இருக்காது. பெயர் வைக்கும்போது கவனம். எல்லா லிங்க்கும் ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்றால், லிங்க்குகளை மட்டும் பட்டியலாகக் கேட்பவருக்குப் பத்து முறை ‘இங்கே, இங்கே, இங்கே’தான். ‘திருப்பி அனுப்பும் விதிகள்’ என்று நேராகச் சொல்லுங்கள்.

5. பெயரில்லாத பட்டன்: தேடல் கண்ணாடி, மூன்று கோடு மெனு, கூடை, இதயக்குறி. இவை எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பெயர். இரண்டு வார்த்தை வேலை.

6. மொழி குறிப்பிடாதது: இது நமக்குத்தான் மிக முக்கியம். தனியாகவே பார்க்கலாம்.

தமிழ்த் தளங்களுக்கு என்று தனியாகச் சில

ஒரு பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று கோடின் முதல் வரிகளிலேயே குறிப்பிட வேண்டும். பல தமிழ்த் தளங்கள் ரெடிமேட் டெம்ப்ளேட்டில் செய்யப்பட்டவை. அதில் மொழி ‘ஆங்கிலம்’ என்றே இருக்கும். யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். விளைவு, ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழை வாசிக்கப் பார்க்கும். சில நேரம் எழுத்து எழுத்தாகத் திக்கும், சில நேரம் மௌனமாகத் தாண்டிவிடும். கோடில் மொழியைத் தமிழ் என்று மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது. பக்கத்தின் நடுவே ஆங்கிலப் பத்தி வந்தால் அதற்கு மட்டும் தனியாக ஆங்கிலம் என்று குறிப்பிடலாம்.

இரண்டாவது, பழைய எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த விலைப்பட்டியல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. கண்ணுக்கு அது தமிழ். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் ஸ்கிரீன் ரீடருக்குக் கிடைப்பது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’. யூனிகோடுக்கு மாற்றினால் மட்டும்தான் அது தமிழாக ஒலிக்கும். கூகுள் தேடலிலும் அப்போதுதான் சிக்கும்.

மூன்றாவது, போஸ்டர் மோகம். ஆடித் தள்ளுபடியா? ஒரு டிசைனரிடம் கொடுத்து ஒரு படம். விலை, தேதி, கிளை முகவரி, போன் நம்பர் எல்லாம் அந்த ஒரே படத்துக்குள். அதை அப்படியே வெப்சைட்டில் ஏற்றிவிடுகிறார்கள். பார்க்காதவருக்குத் தள்ளுபடியே இல்லை! போஸ்டர் இருக்கட்டும், தப்பில்லை. அதில் உள்ள விவரங்களைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் மெனு கார்டுக்கும், பள்ளிக் கட்டண விவரத்துக்கும் இதே விதிதான்.

கடைசிப் படியில் சாத்தப்படும் கதவு

மேலே சொன்ன ஆறையும் சரி செய்துவிட்டு, பணம் கட்டும் இடத்தில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். வாடிக்கையாளர் வெளியேறுவதும், ரகசிய எண்ணை மற்றவரிடம் கொடுக்க நேர்வதும் அங்கேதான்.

கேப்ட்சா: படத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒலியாகக் கேட்கும் வழி தரலாம். ஆனால், பார்வையும் செவித்திறனும் இல்லாதவருக்கு அதுவும் உதவாது. பயனரைச் சோதிக்காமல் பின்னணியிலேயே ரோபோவைக் கண்டுபிடிக்கும் முறைகள் வந்துவிட்டன. அவற்றைப் பார்க்கலாம்.

ஓடிபி: மெசேஜைத் தேடிப் போய், கேட்டு, திரும்பி வந்து, கட்டத்தைக் கண்டுபிடித்து அடிப்பதற்கு நேரம் ஆகும். 30 விநாடியில் காலாவதியானால் மறுபடியும் முதலிலிருந்து. நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, நீட்டிக்க வாய்ப்பு தர வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. பாதுகாப்பு என்ற பெயரில் பாஸ்வேர்டு, ஓடிபி கட்டங்களில் ‘பேஸ்ட்’ செய்வதைத் தடுக்கவும் கூடாது.

பிழைச் செய்தி: தவறாக நிரப்பிய கட்டத்தைச் சிவப்பாக்கினால் போதாது. ‘போன் நம்பரில் ஒரு எண் குறைகிறது’ என்று எழுத்தில் சொல்லுங்கள். அது ஸ்கிரீன் ரீடரிலும் உடனே ஒலிக்கும்படி செய்யுங்கள்.

பட்டன் அளவு: குறைந்தது 24 பிக்சலுக்கு 24 பிக்சல். பொடிப்பொடியாக இருந்தால் ‘பணம் செலுத்து’ அமுக்கப்போய் ‘ரத்து செய்’ அமுங்கிவிடும்.

ஒரே வரி கோடில் எல்லாம் சரியாகிவிடுமா?

‘இந்த ஒரு வரியை உங்கள் தளத்தில் சேர்த்தால் போதும், ஏஐ எல்லாவற்றையும் சரி செய்துவிடும்’ என்று சில நிறுவனங்கள் விற்கின்றன. தளத்தின் ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலிச் சின்னம் வரும். அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும்.

இதில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி போனிலேயே இருக்கிறது. ஸ்கிரீன் ரீடரும் அவர்களிடமே இருக்கிறது. பெயரில்லாத பட்டனுக்கு என்ன பெயர் என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். மேலே ஒட்டும் கருவி பெரும்பாலும் ஊகிக்கத்தான் முடியும். இந்தத் துறையில் பெரிய நிறுவனமான ஆக்சஸிபி, எந்தத் தளத்தையும் டபிள்யூ.சி.ஏ.ஜி தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்தது. அது உண்மையல்ல என்று குற்றம்சாட்டிய அமெரிக்க வர்த்தக ஆணையம், 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லி 2025-ல் உத்தரவிட்டது.

விரிசல் விட்ட சுவருக்கு வால்பேப்பர் ஒட்டுவது மாதிரிதான். சுவரைத்தான் பூச வேண்டும்.

15 நிமிடத்தில் நீங்களே சோதிக்கலாம்

ஆபீஸில் நாளைக்கே செய்யலாம். நிபுணர் வேண்டாம், செலவும் இல்லை.

• மவுஸை மேசை டிராயருக்குள் போடுங்கள். ‘டேப்’, ‘என்டர்’ கீகளை மட்டும் வைத்து ஒரு பொருளை வாங்க முயலுங்கள். இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று திரையில் ஒரு கட்டம் காட்டுகிறதா? ஏதாவது பாப்-அப்புக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவிக்கிறீர்களா? குறித்துக்கொள்ளுங்கள்.

• ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், அணுகல்தன்மைப் பகுதியில் டாக்பேக்கை இயக்குங்கள். எப்படி அணைப்பது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. இயங்க ஆரம்பித்ததும் தொடும் முறையே மாறிவிடும்! வலது பக்கம் தள்ளினால் அடுத்தது, இரண்டு முறை தட்டினால் திறக்கும். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தளத்தில் ஒரு ஆர்டர் போடுங்கள்.

• பிரவுசரில் எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்குங்கள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா, பட்டன் காணாமல் போகிறதா என்று பாருங்கள். போனில் இரண்டு விரலால் பெரிதாக்க முடிகிறதா என்றும் பாருங்கள். சில தளங்கள் அதைத் தடுத்து வைத்திருக்கும்.

• போன் திரையைக் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றுங்கள். ஸ்டாக் உள்ளதும் இல்லாததும் அப்போதும் பிரித்துத் தெரிகிறதா?

• குரோமில் உள்ள லைட்ஹவுஸ், வெப்எய்மின் வேவ் ஆகிய இலவசக் கருவிகளை ஓட்டுங்கள். ஆனால், நூற்றுக்கு நூறு வந்துவிட்டது என்று துள்ள வேண்டாம். படத்துக்கு விவரம் இருக்கிறதா என்று கருவி சொல்லும், அந்த விவரம் சரியா என்று அதற்குத் தெரியாது. மஞ்சள் புடவைக்குக் கீழே ‘நீலச் சட்டை’ என்று எழுதியிருந்தாலும் பாஸ் போட்டுவிடும்.

இதெல்லாம் முதல் கட்டம். அடுத்து, தினமும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து, தளத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது வேலை. அதற்குச் சம்பளம் கொடுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு 15 நிமிடம் தடுமாறுவதும், பத்து வருடமாகக் காதால் இணையத்தை ஓட்டும் ஒருவர் வந்து ‘இங்கேதான் தட்டுது’ என்று காட்டுவதும் ஒன்றல்ல.

இது யாருடைய வேலை?

‘டெவலப்பர் பார்த்துக்கட்டும்’ என்று தள்ளிவிட முடியாது. நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர் டிசைனர். புடவையின் விவரம் எழுத வேண்டியவர், பொருளை ஏற்றும் ஊழியர். வீடியோவுக்கு சப்டைட்டில் போட வேண்டியவர் மார்க்கெட்டிங் ஆள். கேப்ட்சா வேண்டுமா என்று முடிவெடுப்பவர் முதலாளி. வெளியே கொடுத்து வெப்சைட் செய்பவர்கள், ஒப்பந்தத்திலேயே ‘டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2 ஏஏ தரத்தில் இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. கட்டி முடித்த வீட்டில் சுவரை இடித்து வாசல் வைப்பதைவிட, பிளான் போடும்போதே வைப்பது சுலபம்.

ஏற்கெனவே தளம் இருக்கிறதா? எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. பொருளைத் தேடுவது, கூடையில் போடுவது, பணம் கட்டுவது. இந்த ஒரு பாதையை முதலில் சரி செய்யுங்கள். மற்ற பக்கங்கள் பிறகு. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பின் ஒருமுறை சோதித்துவிடுங்கள். போன மாதம் பேசிக்கொண்டிருந்த பட்டன் இந்த மாதம் ஊமையாகியிருக்கலாம். ‘தளத்தைப் பயன்படுத்த முடியவில்லையா? எங்களுக்குச் சொல்லுங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல், வாட்ஸ்அப் எண் இரண்டையும் எல்லாப் பக்கத்திலும் எழுத்தாகப் போடுங்கள். வருகிற புகாருக்குப் பதிலும் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டால், அந்தச் சென்னைப் பெண் அதே தளத்தைத் திறக்கும்போது என்ன கேட்கும்?

“மாம்பழ மஞ்சள் காட்டன் புடவை, அரக்கு பார்டர், 1,450 ரூபாய், லிங்க். கூடையில் சேர், பட்டன். பணம் செலுத்து, பட்டன்.”

இரண்டு முறை தட்டுகிறார். ஓடிபி வருகிறது. இயர்போனில் அவருக்கு மட்டும் கேட்கிறது. அவரே அடிக்கிறார். பக்கத்து அறைத் தோழியை அன்று அவர் கூப்பிட்டாலும், அது புடவை எடுத்த கதையைச் சொல்வதற்காகத்தான் இருக்கும்.